தெளியாத குடம்

மணிமுடிக்கோட்டை ராஜா செண்பக பூபதிக்குப் பாட்டு என்றால் உயிர். ஒருநாள் சபையில் அவர் குரலெடுத்துப் பாடினார். வாசலில் நின்ற பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"யானைக்குச் சங்கீத ஞானம் உண்டு மகாராஜா" என்றான் அவைப்புலவன் மருதவாணன்.

"இவனை நாடு கடத்துங்கள்!" என்றார் ராஜா.

அமைச்சர் கொண்டல்நாதருக்கு உள்ளுக்குள் கற்கண்டு. மருதவாணன் வாயில் விழுந்து அவரும் பலமுறை அவதிப்பட்டவர். ஆனாலும் நல்லவர் என்று பேர் வாங்க வேண்டாமா?

"அவசரம் வேண்டாம் மகாராஜா. ஒரு குடத்தில் கலங்கிய தண்ணீர் வைப்போம். அது தெளிகிறவரை இருந்துவிட்டுப் போகட்டும்."

சேற்றுத் தண்ணீர் மதியச் சாப்பாட்டுக்குள் தெளிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"சரி. யோசனை சொன்ன நீரே காவல். தெளிகிறவரை குடத்தை விட்டு நகரக் கூடாது" என்றார் ராஜா.

அரை நாள்தானே? அமைச்சர் சந்தோஷமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கலக்குவது நானாக இருக்கலாமா?" என்று மருதவாணன் பணிவாகக் கேட்டான்.

"தாராளமாக" என்றார் ராஜா.

அவன் சேற்றைத் தொடவில்லை. விளக்குக் கரியையும் கருவேலம் பிசினையும் நீர்விட்டு, வெண்ணெய்போல் அரைத்துக் குடத்தில் கரைத்தான்.

மதியம் வந்தது. குடம் கன்னங்கரேலென்று இருந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. அமைச்சருக்குச் சோறு குடத்தடிக்கே வந்தது. பொறுக்கமாட்டாமல் துணியில் வடிகட்டிப் பார்த்தார். கறுப்பு அப்படியே இறங்கி அவர் வேட்டியை நனைத்தது.

"இது மாயம்!" என்று கத்தினார்.

"மாயம் இல்லை ஐயா" என்றான் மருதவாணன். "சேற்றுத் துகள் பெரிசு. துணியில் சிக்கும், விட்டுவைத்தால் கனத்தில் அடியில் போய் உட்காரும். இந்தக் கரி கண்ணுக்கே தெரியாத பொடி. துணியின் இழைக்குள் புகுந்து போய்விடும். ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துவிடாமல் பிசின் பார்த்துக்கொள்ளும்."

"எப்போதுதான் தெளியும்?"

"அப்பா கரைத்து வைத்த மை ஒன்று வீட்டில் இருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மை இன்னும் தெளியவில்லை."

அமைச்சர் ராஜாவுக்கு ஆள் அனுப்பினார். ராஜா வந்ததும் காலில் விழுந்தார்.

"மருதவாணனை மன்னித்துவிடுங்கள் மகாராஜா!"

ராஜாவுக்கு ஆச்சரியம். "தண்டனை அவனுக்கு. நீர் ஏன் அழுகிறீர்?"

"அவன் தினமும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருகிறான் மகாராஜா. நாடு கடத்தப்பட்டவன் நான்தான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதவாணனுக்கு மன்னிப்பும் கிடைத்தது, பொற்காப்பும் கிடைத்தது.

காப்புப் போடும்போது அமைச்சர் அங்கே இல்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.