முதலில் கல் ஏறட்டும்

மழை விடாத ஒரு காட்டில், ஆற்றங்கரையில் கிடந்த ஒரு பொந்துக் கட்டைக்குள் முயல் ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டே வந்தது. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் பிழைக்கலாம். ஆனால் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனால் மற்ற இரண்டின் கதி? வெள்ளத்தில் வளை இழந்த பாம்புகள் கரையெல்லாம் ஊர்ந்தன. கட்டையோடுதான் இழுத்துப் போக வேண்டும்.

கிழட்டு எருமை வந்து நின்றது. "கொடியைக் கட்டு, புறப்படலாம். இந்தக் காட்டில் இழுவை வேலை எல்லாம் என்னுடையதுதானே!"

மரத்திலிருந்து குரங்கு சிரித்தது. "இதையா நம்புகிறாய்? நடந்தாலே இதன் முழங்கால் கதவு மாதிரி கிறீச்சிடுகிறது! காட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் குதிரையைப் பார். என்ன பளபளப்பு, என்ன தோள்!"

குதிரை பிடரியைச் சிலிர்த்தது. "நான் இழுத்தால் கட்டை பறக்கும், அக்கா!"

"பறக்க வேண்டாம், தம்பி. இறக்கத்தில் உன்னால் நிற்க முடியுமா?"

"நிற்பதா? இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லையே!"

முயல் கேட்டதை விடவில்லை. "அதோ, மேலே இன்னும் இரண்டு கட்டைகள் கிடக்கின்றன. குரங்கண்ணா, அவற்றில் கல்லை நிரப்புங்கள். முதலில் கல் ஏறட்டும். பிறகு என் பிள்ளைகள்."

"தண்ணீர் நெருங்கி வந்துவிட்டது. இவளுக்குப் பரீட்சை வைக்க நேரம் பார்!" என்று முணுமுணுத்துக்கொண்டே குரங்கு கல் பொறுக்கியது.

கரைச்சரிவில் குதிரை கட்டையோடு பாய்ந்து ஏறியது. "பார்த்தாயா!" என்று குரங்கு கை தட்டியது. உச்சியில் திரும்பிக் குதிரை இறங்கத் தொடங்கியதும், "நில்!" என்று முயல் கத்தியது.

குதிரை குளம்பை ஊன்றியது. பின்னால் வந்த கட்டையோ நிற்கவில்லை. காலில் வந்து மோதிற்று. கொடி அறுந்தது. குதிரை ஒரு பக்கம் விழ, கட்டை உருண்டு ஆற்றில் போய் விழுந்து மூழ்கியது.

குதிரை எழுந்து உடம்பிலிருந்த சேற்றை உதறியது.

எருமை செருமியது. "இப்போதாவது என்னைக் கட்டு."

"நீங்களும் காட்டுங்கள், மாமா."

"என்னையுமா? உன் அம்மாவையே வெள்ளத்திலிருந்து இழுத்து வந்தவன் நான்!"

"அது அன்றைக்கு. இன்றைக்கு ஏறப்போவது என் பிள்ளைகள். காட்டுங்கள்."

எருமைக்குக் கோபம்தான். ஆனாலும் மற்றக் கட்டைக்குப் பின்னால் போய், கொடியைக் கழுத்தில் மாட்டி, அதை முன்னால் விட்டுப் பிடித்துக்கொண்டே இறங்கியது. "நில்லுங்கள்!" என்றதும் நின்றது. கட்டையும் நின்றது.

"இப்போது மேலே இழுங்கள்."

பாதி ஏற்றத்தில் எருமையின் முழங்கால்கள் மடிந்தன. எழப் பார்த்தது, முடியவில்லை.

முயல் வெள்ளத்தைப் பார்த்தது. அது குட்டிகள் கிடந்த கட்டையின் அடியைத் தொட்டுவிட்டது.

"தம்பி, ஏற்றத்துக்கு நீ முன்னால். மாமா, இறக்கத்துக்கு நீங்கள் பின்னால். குரங்கண்ணா, கட்டுங்கள்!"

"இந்தக் கிழத்தோடா?" என்றது குதிரை.

"இந்தப் பொடியனோடா?" என்றது எருமை.

"நீங்கள் இருவரும் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள வேண்டாம். கொடியைப் பிடித்தால் போதும்!"

குதிரை இழுத்தது. வெள்ளம் துரத்தத் துரத்தக் கட்டை மேட்டின் உச்சிக்கு ஏறியது. அங்கே குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். இனி எல்லாம் எருமையின் கழுத்தில்.

இறக்கம் வழுக்கியது. எருமையின் குளம்புகள் சேற்றை உழுதன. திருப்பத்தில் கட்டை சறுக்கி, அதன் முனை பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே குட்டிகள் ஒரு பக்கமாகச் சரியும் சத்தம் கேட்டது.

"மாமா, பிடித்திருக்கிறீர்களா?"

"பேச்சுக் கொடுக்காதே. பிடித்திருக்கிறேன்."

குதிரை தானாகவே ஓடி வந்து, கட்டையின் பக்கத்தில் தோளைக் கொடுத்துப் பாதைக்குத் தள்ளியது. எருமை அங்குலம் அங்குலமாகக் கொடியை விட்டது. கடைசியில் கட்டை வெள்ளம் எட்டாத புல்லில் போய் அமர்ந்தது.

முயல் உள்ளே பாய்ந்தது. மூன்று குட்டிகளும் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. மடியில் வாய் வைத்ததும் அழுகை நின்றது. வெறும் பசிதான்.

நீதி: புதியதன் பளபளப்பையும் பழையதன் பழக்கத்தையும் நம்பி உயிரை ஏற்றாதே, எது எதற்கு உதவும் என்று முதலில் சோதித்துப் பார்.