பத்து நாட்டுக் கறி

எங்கள் எருமைக்கறி கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே கடைக் குளிர்பெட்டியில் பத்து நாட்டுக் கறி அடுக்கியிருக்கும். அதில் நம்முடையது தனியாகத் தெரிய என்ன செய்யலாம்? இந்தக் கேள்வியோடுதான் ஆறு மாதமாக டாக்டர் சபுராவின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவர், என்னைவிட இருபது வயது சின்னவர். வயசைப் பார்த்தால் தொழில் கற்க முடியுமா? கறி விஷயத்தில் எனக்கு அவர்தான் குரு.

அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அனுப்பிய கன்டெய்னரை அப்படியே திருப்பிவிட்டார்கள். கறி கறுத்திருக்கிறதாம். என்ன திமிர் பாருங்கள். இன்னொன்றும் திரும்பினால் ஒப்பந்தம் போச்சு. நானூறு பேர் வேலை செய்கிற ஆலையை நான் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அவரிடம் புது லேபிளைக் காட்டினேன். பச்சைப் புல்வெளி, நடுவில் கொழுகொழுவென்று ஒரு எருமை, கீழே தங்க எழுத்தில் 'நிம்மதியாக வளர்ந்தது'. வாங்கிப் பார்த்துவிட்டுக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டார். லாரி வந்திருக்கிறது, வாருங்கள் என்று முன்னால் நடந்தார்.

இரண்டு நாள் ஓடிவந்த லாரி. வழியில் ஒரு வாய் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள். பின்கதவைத் திறந்தால், நெருக்கத்தில் ஒரு எருமை விழுந்து கிடந்தது. மேஸ்திரி அந்தோணிசாமி ஏறினார். மடியிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்து அதன் கண்ணில் அப்பினார். பாவம், உடம்பெல்லாம் வெடவெடக்க எழுந்து நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரிக்க மாட்டார்? இந்த வித்தைக்காகத்தான் போன வருஷம் நான் அவரைக் கெட்டிக்காரர் என்று நாலு பேர் முன்னால் பாராட்டினேன்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. தானே வாளியைத் தூக்கிவந்து அதன் கண்ணைக் கழுவினார். அது தலையைத் தூக்காமல் மூன்று வாளித் தண்ணீர் குடித்தது. ஊற்றிக்கொண்டே பேசினார். தவித்து, மிரண்டு, அப்படியே வெட்டுக்குப் போகிற மாட்டின் கறி கறுக்கத்தான் செய்யும், வந்ததும் தண்ணீர் காட்டுங்கள், ஒரு நாள் ஓய்வு கொடுங்கள் என்று எத்தனை தடவை எழுதிக் கொடுத்தேன், அந்தக் காகிதமெல்லாம் எங்கே என்று கேட்டார்.

என் மேஜை டிராயரில் இருந்தன. ஒன்றைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா?

"அதெல்லாம் சரி டாக்டர். நம்ம கறி தனியாத் தெரியணுமே, லேபிள்ல என்ன மாத்தலாம்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். பையிலிருந்த லேபிளை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பத்து நாட்டுக் கறியில நம்மளுதை மட்டும், லேபிளைப் பார்க்காமலே கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. இதுக்கு மேல எப்படி சார் தனியாத் தெரியணும்?"