அரை மூச்சு முந்தி

பொன்மலையில், மாதா கோயில் ஹாலில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேர் கூடி வாத்தியம் வாசிப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் அனஸ்தாசியா டீச்சர். அவருக்கு முப்பத்தேழு வயது. அவரிடம் படிப்பவர்களில் மூத்தவர் சவரியப்பன், ரயில்வே பட்டறையில் வெல்டர். ஐம்பத்துமூன்று வயதானாலும் டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

அவர் வாசிப்பது இரண்டாம் வயலின். அவர் மனைவி செசிலி வாசித்தது டபுள் பேஸ். அது பார்க்க வயலின் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே போகும். செசிலி குள்ளம், பலகை போட்டு ஏறி நின்றுதான் வாசிப்பாள். புருஷனோடு சேர்ந்து தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் வந்தபோது, யாரும் எடுக்காமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் அதிகம் வாசித்த பாட்டை எழுதியவர் ஒரு அமெரிக்காக்காரர். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு பெண் மாடிப்படி இறங்குகிறாள், அவ்வளவுதான் பாட்டு. வார்த்தை கிடையாது, நாலு நிமிஷம்தான். கேட்டால் யாருக்கும் உதட்டில் சிரிப்பு வந்துவிடும். மெட்டு முதல் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் போய்விடும். செசிலிக்கு ‘தும்’ மட்டும். அதற்குப் பின்னால் ‘சக் சக்’ சவரியப்பனுக்கு. தும் சக் சக், தும் சக் சக். பதினோரு வருஷத்தில் அந்த இரண்டு பேர் கைக்கும் மெட்டு வந்ததே இல்லை.

செசிலி எப்போதும் அரை மூச்சு முந்திவிடுவாள்.

“செசிலியம்மா, முந்தாதீங்க” என்று டீச்சர் சொல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது.

“சரி டீச்சர்” என்பாள். மறுபடியும் முந்துவாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் சவரியப்பனும் கேட்பார். “அப்படி என்ன அவசரம் உனக்கு? அடுப்புல பாலா வச்சிட்டு வந்திருக்கே?”

அதற்குச் சிரிப்பாள்.

தவக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் செசிலி இறந்துபோனாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அடுத்த வெள்ளிக்கிழமை சவரியப்பன் ஹாலுக்கு வந்தார். பங்குத் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. செசிலியின் இடத்தில் தர்சீஸ் நின்றிருந்தார். அதே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், பலகை தேவையில்லாத உயரம். டீச்சர் தாளம் காட்டுகிற குச்சியைப் பார்த்து, அடிக்க வேண்டிய நேரத்தில் கச்சிதமாக அடித்தார்.

செருப்புப் பாட்டை ஆரம்பித்தார்கள். எட்டாவது அடியிலேயே பாட்டு நொண்டியது.

டீச்சர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி நொண்டியது.

“என்ன மச்சான், பஸ் போயிருச்சா?” என்றார் தர்சீஸ்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். சவரியப்பனும் சிரித்துப் பார்த்தார்.

மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது யாரும் சிரிக்கவில்லை.

“டீச்சர், என் மேல தப்பில்ல. நான் உங்க குச்சியத்தான் பாக்குறேன்” என்றார் தர்சீஸ்.

“நான் எப்பவும் வாசிக்கிற மாதிரிதான் வாசிக்கிறேன்” என்றார் சவரியப்பன்.

“விடுங்கய்யா. துக்கத்துல இருக்காரு, கை தளர்ந்துபோச்சு. இந்தத் திருவிழாவுக்கு மட்டும் உக்காந்து கேக்கட்டுமே” என்றார் குழல் வாசிக்கிறவர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

சவரியப்பன் வயலினையும் வில்லையும் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பெட்டியோடு ஹாலுக்கு வந்தார். டீச்சர் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, சனிக்கிழமை வந்திருக்கீங்க?”

“வயலினக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் டீச்சர். குழுவோட பொருள். யாராவது வாசிக்கட்டும்.”

“நீங்க?”

“எனக்கு முடியல.”

டீச்சர் இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். அவள அடக்கம் பண்ணுனப்போ பெரிய பெரிய பாட்டெல்லாம் பாடுனாங்க. எல்லாரும் அழுதாங்க, நான் கல்லு மாதிரி நின்னேன். இந்தச் செருப்புப் பாட்டு வந்தா மட்டும் என்னால தாங்க முடியல. வீட்டுல நான் மட்டும் சக் சக்னு வாசிக்கிறேன். அவ தும் விழுற எடத்துல சும்மா இருந்துட்டு, மறுபடி சக் சக். கொழுந்தியா வந்து கேட்டா, பூசை முடிஞ்ச கையோட இந்தக் கூத்து தேவையா மாமான்னு. அவ கேட்டதுல என்ன தப்பு? வெளையாட்டுப் பாட்டுதானே டீச்சர். இதுல அப்படி என்ன இருக்கு?”

டீச்சர் மூலையில் சாய்த்து வைத்திருந்த டபுள் பேஸை நகர்த்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினார்.

“பிடிங்க.”

“எனக்கு இது வராதே.”

“தும் மட்டும் போதும். தடிச்ச கம்பிய விரலால இழுத்து விடுங்க. சுதியெல்லாம் பாக்க வேண்டாம். மெட்ட வாயால முனகுங்க.”

“மெட்டா?”

“உங்களுக்குத் தெரியாதா என்ன?”

தெரியும். பதினோரு வருஷம் பக்கத்திலிருந்து கேட்டது. டீச்சர் பெட்டியைத் திறந்து அவருடைய வயலினை எடுத்துக்கொண்டார். தலையை அசைத்தார்.

சவரியப்பன் முனகிக்கொண்டே இழுத்தார். தும். டீச்சர், சக் சக். தும். சக் சக்.

பாட்டில் அந்தப் பெண் படியிறங்க ஆரம்பித்தாள். முதலில் நன்றாகத்தான் இறங்கினாள். பிறகு டீச்சரின் சக் சக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்து வந்தது. மெட்டு இழுபட்டது. கால் வைக்கப் படி கிடைக்காமல் அவள் தடுமாறுகிற மாதிரி இருந்தது. சவரியப்பன் முகத்தைச் சுளித்தார், இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக இழுத்தார். தும். சக் சக் சரியான இடத்தில் வந்து விழுந்தது. அடுத்ததையும் அப்படியே இழுத்தார். பாட்டு நேராக நின்றது. வாய் முனகியபடி இருக்க, கை அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனது.

“சவரி அண்ணே, முந்தாதீங்க” என்றார் டீச்சர்.

“நான் எங்க டீச்சர் முந்துறேன்? நீங்கதான் பிந்துறீங்க. நான் கொஞ்சம் முன்னால போகலைன்னா பாட்டு விழுந்துருமே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கை நின்றது.

டீச்சர் வில்லை இறக்கினார்.

“நீங்க வாசிக்கிற மாதிரிதான் வாசிச்சேன்” என்றார்.

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போனார்கள். சவரியப்பன் அந்தப் பெரிய வாத்தியத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“பதினோரு வருஷமாவா?”

“ஆமா.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படிண்ணே ஒவ்வொரு அடியும் முந்துறது?”

“உங்களுக்கு?”

“எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. தர்சீஸ் சரியா அடிச்சார் பாருங்க, அப்பத்தான்.” டீச்சர் வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “எல்லார் முன்னாலயும் நான் அவங்களச் சொல்லியிருக்கேன். எத்தன வெள்ளிக்கிழமை. ஒரு நாளாவது, அது நானில்ல டீச்சர், அவர்தான்னு சொல்லியிருக்கலாம்.”

“நானும் சொல்லியிருக்கேன். அடுப்புல பாலா வச்சிருக்கேன்னு.”

அடக்கத்தன்று வராத அழுகை வந்தது. ஹாலில் அவருக்குக் கைப்பிடியாக அந்த வாத்தியம் மட்டும்தான் இருந்தது. டீச்சர் எழுந்து வரவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்.

வெகுநேரம் கழித்துச் சவரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் பிந்துறத மாத்த முடியுமா டீச்சர்?”

“முடியும். ஒம்பது நாள் இருக்கு. தினம் காலையில வாங்க.”

“மாத்திட்டா…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “நான் சரியா வாசிச்சுட்டா, அவ இத்தன நாளு செஞ்சதுக்கு எடம் ஏது டீச்சர்? அது எங்க போகும்?”

டீச்சர் எழுந்து வந்தார். வயலினை அவர் கையில் கொடுத்தார்.

“நீங்க வராத வாரங்கள்ல பாத்தேன், மூணாம் பக்கத்துல தர்சீஸுக்கு விரல் எரிச்சல் வந்துருது, அண்ணே. அந்த எடத்துல அவர் பிந்துறார், நீங்கதான் கொஞ்சம் முந்திப் பிடிச்சுக்கணும்” என்றார். “அவர்கிட்ட சொல்லிராதீங்க.”