பூசணிக்காய் தொங்கிய சுவர்

மலைச்சரிவில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. மனைவி ஊசியம்மா. கணவன் ஈட்டியப்பன். இரண்டு குட்டிகள். வளைக்கு முன்னால், அந்தச் சரிவிலேயே, ஒரு மரவள்ளித் தோட்டம்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். ஆனால் மழைக்காலம் முழுக்க அந்தக் குடும்பத்துக்குச் சோறு அதுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் காட்டுக்குள் கிழங்கு தோண்டப் போக முடியாது. சேற்றில் முள்ளம்பன்றி வழுக்கும். சிறுத்தை வழுக்காது.

மழையோ ஒவ்வொரு வருஷமும் சரிவு மண்ணைக் கரைத்துக்கொண்டு போய் ஓடையில் போட்டது. மண்ணோடு கிழங்கும் போனது. போன ஐப்பசியில் குட்டிகள் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தன. சின்னவன் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

“என்னங்க, தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் கல்லுச் சுவர் ஒண்ணு வச்சிட்டா மண்ணு நிக்கும்” என்றாள் ஊசியம்மா.

“வைக்கலாம், வைக்கலாம்!” என்றான் ஈட்டியப்பன்.

சித்திரையில் கேட்டாள். “வெயில் தணியட்டும்!” ஆடியில் கேட்டாள். “காத்து ஓயட்டும்!” ஆவணியில் கேட்டாள். “உனக்கு வேற வேலையே கிடையாதா?”

உண்மையில் அவளுக்கு வேறு வேலை நிறையவே இருந்தது. அதையெல்லாம் செய்துவிட்டு இதையும் செய்தாள்.

முதலில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் தோண்டினாள். மூங்கில் கழியால் நெம்பி நெம்பிப் பாறாங்கற்களை உருட்டி வந்தாள். இருப்பதிலேயே பெரிய கற்களைப் பள்ளத்தில் பாதி புதையும்படி உட்கார வைத்தாள். அதற்கு மேல் அடுத்த வரிசை. எல்லாக் கல்லும் மலைப்பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற கல் முதல் மழையிலேயே குப்புற விழும். சுவருக்குப் பின்னால் சரளைக்கல்லைக் கொட்டினாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அங்கங்கே ஓட்டை விட்டாள்.

இதெல்லாம் நடந்தபோது ஈட்டியப்பன் புளியமரத்தடியில் மல்லாந்து கிடந்தான். ஒரே ஒரு முறை எழுந்து வந்து, “அந்தக் கல்லு கொஞ்சம் கோணலா இருக்கே!” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு ஓட்டையில் பச்சைத் தவளை ஒன்று குடிவந்தது.

“அக்கா, இந்த ஓட்டை யாருக்கு?”

“தண்ணிக்கு. அடைச்சு வச்சா அது முட்டும், முட்டித் தள்ளும். வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும். நீ ஓரமா இருந்துக்கோ!”

ஐப்பசிக்கு முன்னால் ஒரு சின்ன மழை வந்தது. ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வடிந்து இறங்கியது. மண் ஒரு பிடிகூட நகரவில்லை. ஊசியம்மா வெகுநேரம் நனைந்துகொண்டே அதைப் பார்த்து நின்றாள். இந்த வருஷம் குட்டிகள் சாப்பிடும்!

மழை நின்றதும் ஈட்டியப்பன் வந்து பார்த்தான். மேலும் கீழும் நடந்தான். முட்களைச் சிலிர்த்தான். பொழுது சாய்வதற்குள், “நான் ஒரு சுவர் வச்சிருக்கேன்!” என்று மலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

சொன்னதோடு விட்டானா? விருந்துக்கும் அழைத்துவிட்டான்.

அவனுடைய அக்கா ஆணியம்மா மறுசரிவிலிருந்து வந்து இறங்கினாள். கூடவே தோகையைத் தூக்கிக்கொண்டு ஒரு மயில். ஆணியம்மா சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்ன தம்பி இது, சுவரெல்லாம் ஓட்டை! பல்லு போன கிழவி வாயத் திறந்த மாதிரி!”

மயில் விழுந்து விழுந்து சிரித்தது. ஈட்டியப்பனின் முட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டன.

“அது... இன்னும் வேலை முடியலக்கா. பூச்சு வேலை பாக்கி இருக்கு!” என்றான்.

பொய்யைச் சொல்லிவிட்டால் போதுமா? அதைச் செய்து காட்ட வேண்டுமே! ஊசியம்மா உள்ளே விருந்துக்குக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஈட்டியப்பன் புற்றுமண்ணை வாரி வந்து பிசைந்தான். அந்தச் சுவருக்காக அவன் கை அழுக்கானது அன்றுதான்.

“அண்ணாச்சி! என்ன செய்யிறீக? தண்ணி எப்படிப் போகும்?” என்று தவளை கத்தியது.

“நீ யாருடா என் சுவர்ல குடியிருக்க? வெளிய போ!”

“நான் போயிருவேன் அண்ணாச்சி. தண்ணி எங்க போகும்?”

“நான் சொன்னா தண்ணி கேக்கும்!” என்றான் ஈட்டியப்பன். தவளை குதித்து வெளியே வந்த கையோடு அந்த ஓட்டையையும் அடைத்தான்.

ஓட்டை ஒன்று பாக்கியில்லை. பூச்சின் மேல் காவிப்பட்டை, வெள்ளைப்பட்டை என்று மாற்றி மாற்றித் தீட்டினான். ஆணியம்மா தன் பங்குக்கு ஒரு பூசணிக்காயில் கண்ணும் மீசையும் வரைந்து சுவரின் நடுவில் கட்டித் தொங்கவிட்டாள்.

“இனிமே எவன் கண்ணும் படாது! இப்பதான் பாக்க சுவர் மாதிரி இருக்கு!”

ஊசியம்மா இலையில் கிழங்கோடு வெளியே வந்தாள். சுவரைப் பார்த்தாள். இலை கையிலிருந்து நழுவியது.

“யாரு அடைச்சது? எடுங்க! இப்பவே எடுங்க! மழை வந்தா தண்ணி பின்னாடி தேங்கும். சுவரே போயிரும்!”

“ஏ, விருந்தாளி முன்னாடி கத்தாத!” என்று பல்லைக் கடித்தான் ஈட்டியப்பன்.

“மதினி, நீங்களாவது சொல்லுங்க!”

“நான் என்னத்தம்மா சொல்ல? பூசணிக்காய் கட்டியாச்சு. கட்டின சுவர்ல அமாவாசை வரைக்கும் கை வைக்கக் கூடாது. நம்ம குடும்பத்து வழக்கம். வச்சா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது. உனக்கு எப்படியோ, எனக்கு ஒரே தம்பி!”

“மதினி, புள்ளைங்களுக்குச் சோறு அந்த மண்ணுலதான் இருக்கு.”

“அப்ப என் தம்பி போனாப் பரவாயில்லங்கிற!”

இதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் அது நாலு வளைக்குப் போய் நாற்பதாகத் திரும்பி வரும். ஊசியம்மா கீழே விழுந்த கிழங்கைப் பொறுக்கினாள். கழுவினாள். விருந்தாளிகளுக்குப் பரிமாறினாள்.

“உப்பு கம்மி” என்றாள் ஆணியம்மா.

மழை அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. மழைக்கு அந்தக் குடும்பத்து வழக்கம் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் பிடித்த மழை உச்சிப்பொழுதிலும் விடவில்லை. விருந்தாளிகள் வளைக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருந்தார்கள். ஆணியம்மா இன்னொரு சுற்றுக் கிழங்கு கேட்டாள். அப்போது தவளை தவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தது.

“அக்கா! சுவருக்கு வயிறு தள்ளுது!”

ஊசியம்மா ஓடினாள். சுவரின் நடு, மாசமான வயிறு மாதிரி முன்னால் வந்திருந்தது. மேலே தோட்டத்தில் தண்ணீர் குளமாக நின்றது. அவள் நகத்தால் பூச்சைக் கீறினாள். புற்றுமண் கல்லாக இறுகிக் கிடந்தது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்தினாள். முள் ஒடிந்தது. இன்னொன்றைப் பிடுங்கினாள். அதுவும் ஒடிந்தது.

“என்னங்க! வந்து ஒரு கை குடுங்க!”

“அமாவாசை முடியட்டும்னு அக்கா சொல்லிச்சுல்ல!” என்று வளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மூன்றாவது முள் உள்ளே போனது. விரல் தடிமன் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவள் முகத்தில் அடித்தது.

“ஓடுக்கா! ஓடு!” என்று தவளை அலறியது.

அவள் ஒதுங்கவும் சுவர் சரியவும் சரியாக இருந்தது. அவள் உருட்டி வந்த ஒவ்வொரு கல்லும் திரும்ப உருண்டது. பின்னால் மண் போனது. மண்ணோடு மரவள்ளி வேரும் கிழங்குமாகப் போனது. ஓடை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கடைசியாக மீசை வைத்த பூசணிக்காய் மட்டும் ஒரு கல்லில் மோதி உடையாமல், மிதந்தபடி போனது.

மழை விட்டதும் எல்லாரும் வெளியே வந்தார்கள்.

“பாத்தியா தம்பி, கண்ணு பட்டிருச்சு! பூசணிக்காய் இன்னும் பெருசாக் கட்டியிருக்கணும்” என்றாள் ஆணியம்மா.

“பொம்பளை அடுக்கின கல்லு வேற எப்படி நிக்கும்?” என்றது மயில்.

ஈட்டியப்பன் பெருமூச்சு விட்டான். “நானும் எவ்வளவோ பூசிப் பாத்தேன். அடுக்குனதே சரியில்ல!”

முந்தின நாள் வரை அது அவனுடைய சுவர். இடிந்த நிமிஷத்திலிருந்து அது அவளுடைய சுவர்.

“ஓட்டையை அடைச்சது இவருதான்! நான் பாத்தேன்!” என்றது தவளை.

“குடியிருந்த வீடு போன கோவத்துல பேசுது, பாவம்” என்றாள் ஆணியம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மழை நின்ற இடைவெளியில் விருந்தாளிகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஐப்பசியிலும் குட்டிகள் மரப்பட்டையைத்தான் கடித்தன. ஒருநாள் பக்கத்து வளை முயல்குட்டி எட்டிப் பார்த்துக் கேட்டது.

“ஏன்டா, உங்க வீட்டுல கிழங்கு இல்லையா?”

சின்னவன் வாயிலிருந்த பட்டையைத் துப்பினான்.

“எங்க அம்மா சுவர் வச்சாங்க. அது இடிஞ்சு எல்லாம் போயிருச்சு!”

வாசலில் நின்ற ஊசியம்மாவின் காதில் அது விழுந்தது. ஆணியம்மா சொன்னது, மயில் சொன்னது, தாலி கட்டியவன் சொன்னது எல்லாம் அவள் முதுகோடு போயிருந்தன. இது உள்ளே இறங்கியது. அவள் சின்னவனைத் திட்டவில்லை.

தையில் ஈரம் காய்ந்தது. ஓடைக்கரையில் சிதறிக் கிடந்த கற்களில் பெரியதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, கழியைக் கொடுத்து நெம்பினாள் ஊசியம்மா. பள்ளம் மறுபடி தோண்டியாகிவிட்டது.

புளியமரத்தடியில் ஈட்டியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“இந்தத் தடவையாவது ஒழுங்கா வை!” என்றான்.

நீதி: சுவர் நிற்கும்வரை அதற்குச் சொந்தக்காரர்கள் பலர், இடிந்த பிறகு கல் சுமந்தவள் ஒருத்திதான், ஆகவே அடுத்தவன் மானத்துக்காக உன் ஓட்டையை அடைக்க விடாதே.