முயலகன் ஏன் சிரிக்கிறான்

"என் பிள்ளைங்களை யாரோ கெடுக்கிறாங்க, சாமி."

அடிகள் மடத்துக் கொல்லையில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தப் பிள்ளைங்களை?"

"ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைங்களைத்தான்."

தணிகாசலம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அடிகளிடம் தீட்சை வாங்கியவர். நெடுங்குன்று மடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாமி உருவங்களின் பொருளைச் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. வேல் என்றால் அறிவு. தாமரை என்றால் பற்றின்மை. கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிரம்பால் தட்டித் தட்டிச் சொல்ல வைப்பார். பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான்.

"சஷ்டிக்கு ஊர்ப் பெரியவங்க முன்னால பிள்ளைங்க பதில் சொல்லணும். தப்பாப் போச்சுன்னா வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பிள்ளையாருக்கு வயிறு ஏன் பெரிசுன்னு கேக்கிறேன். அண்டமெல்லாம் உள்ள அடக்கம்னு சொல்லணும். மாசிலாமணி பையன் என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"பசிச்சவங்க வந்தா குடுக்கணும்னு அவங்க பங்கையும் சேத்து வச்சிருக்காராம்!"

அடிகள் கீரையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

தணிகாசலம் சொன்னார். அடிகள் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மறுபடி கீரை கிள்ளப் போய்விட்டார்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வீடு பற்றி எரிகிறது என்று சொன்னால், எந்தப் பக்கம் நல்ல வெளிச்சம் என்று கேட்கிற ஆளை என்ன செய்வது?

அடுத்த வாரம் சரஸ்வதி பாடம்.

"வீணையை ஏன் மடியில வச்சிருக்கா?"

அங்கயற்கண்ணி எழுந்தாள். பெயரில் பாதி உயரம்கூட இல்லாதவள்.

"கீழ வச்சா அழும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த சேதி மாதிரி வகுப்பே தலையாட்டியது. அதுதான் தணிகாசலத்துக்கு உறுத்தியது.

"யார் சொல்லிக்குடுத்தா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்துப் பையனும் மூடிக்கொண்டான். பிரம்பை ஓங்கிப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒரு சொல் வரவில்லை.

சந்தேகம் தீர்ந்தது. யாரோ காதும் காதும் வைத்தாற்போல வேலை செய்கிறார்கள்.

மடத்தில் சமைக்கிற வடிவழகி அம்மாள்தான். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுப்பவள். 'எனக்கும் நாலு கதை தெரியும்' என்று ஒருமுறை சொன்னவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தணிகாசலம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று காதைத் தீட்டினார்.

"வாத்தியாரே," என்றது உள்ளேயிருந்து குரல். "சுண்டல் வேணும்னா உள்ள வந்து கேளுங்க. கதவுக்கு என்ன தெரியும்?"

சிவந்த முகத்தோடு அடிகளிடம் போனார்.

"அந்த அம்மாதான் சாமி."

"அவங்க இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடிகள் பக்கத்திலிருந்த முருங்கை மரத்தைப் பார்த்தார். மரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. வகுப்பறையிலேயே காலம் தள்ளியவருக்கு அந்தப் பார்வை தெரியாதா? வீட்டுப்பாடம் எழுதாதவன் பார்க்கிற பார்வை.

அடிகளேவா?

என் இடத்துக்கு வேறு ஆளைத் தயார் செய்கிறாரா? குருவையே சந்தேகப்படுகிறோமே என்று நெஞ்சு வலித்தது. வலித்ததே ஒழிய, சந்தேகம் விடவில்லை.

மறுவாரம் வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொருவராக மாட்டுக்கொட்டகைப் பக்கம் நழுவினார்கள். தணிகாசலம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஓலைத் தட்டி இடுக்கில் கண்ணை வைத்தார்.

பிள்ளைகள் வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அடிகள் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பூசையறை நடராசர்.

வேலியே பயிரை மேய்கிறது!

"சாமி காலுக்குக் கீழ கிடக்கிறானே, இவன் யாரு?" என்றார் அடிகள்.

"முயலகன்!"

"மிதி வாங்குறான். அப்புறம் மூஞ்சி ஏன் சிரிச்ச மாதிரி இருக்கு?"

'அறியாமை' என்று தட்டிக்கு வெளியே தணிகாசலத்தின் உதடு தானாக அசைந்தது. முயலகன் என்றால் அறியாமை, அதை இறைவன் மிதிக்கிறான். அவ்வளவுதான் பாடம். சிரிப்பைப் பற்றிப் பாடத்தில் ஒன்றுமில்லை. அவன் சிரிப்பதை அவர் பார்த்ததுமில்லை.

அங்கயற்கண்ணி நகத்தைக் கடித்தாள். கூரையைப் பார்த்தாள். ஒரு சுண்டலை வாயில் போட்டு மென்று முடித்தாள். அடிகள் காத்திருந்தார்.

"எல்லாரும் சாமி காலைத் தேடித் தேடிப் போறாங்கல்ல, தாத்தா? இவனுக்கு முதுகு மேலயே இருக்கு."

அடிகள் குனிந்து முயலகன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படிச் சிலிர்த்ததில் அவருக்கே கோபம் வந்தது. தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"ஆக, நீங்கதான் சொல்லிக்குடுக்கிறீங்க. நீ வேணாம், போன்னு என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே, சாமி. எனக்கு வேற என்ன இருக்கு?"

மாசிலாமணி பையன் குவியலிலிருந்து குதித்து முன்னால் வந்து நின்றான்.

"தாத்தாவைத் திட்டாதீங்க சார். அவர் சொல்லிக்குடுக்கல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நாங்கதான் அவருக்குச் சொல்லிக்குடுக்கிறோம். வெளிய தெரிஞ்சா அவருக்கு வெக்கமா இருக்கும்னுதான் உங்ககிட்ட சொல்லல."

தணிகாசலம் அடிகளைப் பார்த்தார்.

அடிகள் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் சிதறிக் கிடந்த வைக்கோலை ஒதுக்கி, தரையில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டார்.

செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார் தணிகாசலம். உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது.

அங்கயற்கண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு வேணாம் தாத்தா. அவருக்கு எல்லாம் தெரியும்."