கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட துண்டு

கோணக்குளத்தில் யாரும் தனியாக யோசிப்பதில்லை. ஆளாளுக்குத் தனியாக யோசித்துத்தான் நாடு இப்படிக் கெட்டுப்போயிற்று என்பது அவர்கள் கட்சி. அதனால் அங்கே ஒருவருக்குத் தும்மல் வந்தால்கூடக் குழு கூடித்தான் மூக்கைத் துடைக்கும்.

குழுவில் நான்கு பேர். தலைவர் தளவாய். முப்பது வருஷம் பேருந்து கேட்டு மறியல் செய்ததில் அவருடைய மேல்வரிசைப் பற்கள் போயின. குடிநீர்க் குழாய் கேட்டதில் கீழ்வரிசை போயிற்று. பேருந்து இப்போது காலையில் ஒருமுறை வருகிறது. குழாயும் வந்துவிட்டது, தண்ணீர்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. தளவாய்க்கு மிஞ்சியது ஒரே ஒரு கடைவாய்ப் பல். அதையும் அடுத்த போராட்டத்துக்கென்று பத்திரமாக வைத்திருந்தார்.

மற்றவர்கள், எதையும் எதிர்க்கும் மந்திரம், எதையும் வழிமொழியும் குருவம்மா, எது நடந்தாலும் கடைசியில் விளங்கிக்கொள்ளும் வெள்ளப்பாண்டி. இந்த வெள்ளப்பாண்டியின் மகள்தான் கோமு. வயது ஏழு.

கோமுவின் கடைவாய்ப் பால்பல்லில் குழி விழுந்துவிட்டது. சோற்றை மெல்ல முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். "விழுற பல்லுதானே, தானா விழட்டும்" என்று குழு தீர்மானம் போட்டது. பல் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை. கன்னம் வீங்கியதும் நால்வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

பல் டாக்டர் இளவயதுப் பெண். கோமு அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். ஒரு நொடி வாயைத் திறந்தாள். அப்புறம் இறுக மூடியவள், கெஞ்சியும் கொஞ்சியும் திறக்கவில்லை.

"பாத்த வரைக்கும் போதும்" என்றார் டாக்டர். "இது பால்பல்தான். ஆனா இப்பவே பிடுங்கக் கூடாது. பின்னால வரப்போற பெரிய பல்லுக்கு இதுதான் இடம் பிடிச்சு வச்சிருக்கு. இதை எடுத்துட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து அந்த இடத்துல உக்காந்துக்கும். குழியைச் சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். அதுக்கு அவ வாயைத் திறக்கணும்."

"திறக்க மாட்டேங்காளே தாயி" என்றார் வெள்ளப்பாண்டி.

"நீங்க வாயைத் திறந்து காட்டுங்க. பெரியவங்களைப் பாத்து அவளும் திறப்பா. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. அன்னைக்கும் திறக்கலைன்னா பல்லு தாங்காது, எடுக்கத்தான் வேணும். அதுவரைக்கும் இனிப்பைக் கண்ணுல காட்டாதீங்க."

நால்வரும் இதை மனப்பாடம் செய்துகொண்டே ஊர் திரும்பினார்கள்.

குருவம்மா வீட்டில் ஒரு பானை அதிரசம் இருந்தது. கோமு கேட்டதும் குருவம்மா ஒரு துணியால் அவள் கண்ணைக் கட்டினாள். பிறகு அதிரசத்தைக் கையில் கொடுத்தாள். "கண்ணுல காட்டக் கூடாதுன்னுதான சொன்னாங்க." கண் கட்டியபடியே கோமு தின்று முடித்து, "சித்தி, இன்னொன்னு" என்றாள்.

சாயங்காலம் வலியில் துடித்துவிட்டாள். குழு அவசரமாகக் கூடியது.

"துணியை இறுக்கிக் கட்டலை. ஓரக்கண்ணால பாத்திருப்பா" என்றார் தளவாய்.

"அவ பாக்கலைவே. பல்லு பாத்திருக்கும். அதிரசம் நேரா அதுக்கு எதிர்லதான போச்சு" என்றார் மந்திரம்.

பல்லுக்குக் கண் கட்டுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் இனிப்பே இல்லாமல் செய்வதுதான் வழி என்று முடிவாயிற்று. பானையிலிருந்த அதிரசம் முழுவதையும் நால்வரும் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள். ஒற்றைப் பல்லால் தளவாய் தின்றதுதான் அதிகம். தலைவர் என்றால் பொறுப்பு கூடத்தான்.

தின்றபின் வெள்ளப்பாண்டி மெல்லக் கேட்டார். "மாமா, ஒருவேளை பிள்ளை வாயைத் திறக்காம, பல்லைப் பிடுங்கும்படி ஆயிட்டா? எம்மக பெரிய பல்லுக்கு இடம் போயிருமே."

"இடம் எப்படிவே போவும்? துண்டு எதுக்கு இருக்கு?" என்றார் தளவாய். "பஸ்ஸுக்குள்ள நாம ஏறுறதுக்கு முன்னாடியே சன்னல் வழியாத் துண்டைப் போடுதோம். துண்டு கிடந்த இடத்துல இன்னைவரைக்கும் எவனாவது உக்காந்திருக்கானா?"

"பஸ்ஸு வேற, வாயி வேற" என்றார் மந்திரம்.

"என்ன வேற? ரெண்டுலயும் வரிசையாத்தான உக்காந்திருக்கு."

"ரெண்டும் ஆடுது" என்று வழிமொழிந்தாள் குருவம்மா.

"பக்கத்துப் பல்லுக்குத் துண்டுன்னா என்னன்னு தெரியணுமே?" என்றார் மந்திரம், விடாமல்.

"நம்ம ஊரு பல்லுதான அண்ணாச்சி. தெரியாமலா இருக்கும்" என்றார் வெள்ளப்பாண்டி.

மந்திரமே எழுந்து போய்ச் சோப்புக் கட்டி எடுத்துவந்தார். மறியல்களில் தளவாய் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைத் துவைத்து, மடித்து, ஆபத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் நால்வரும் வாயைத் திறந்தார்கள். திறந்து காட்டச் சொன்ன டாக்டர், எப்போது மூடுவது என்று சொல்லவில்லை. சொல்லாததைச் செய்கிற பழக்கம் கோணக்குளத்தில் கிடையாது. வெள்ளப்பாண்டி வாயைப் பிளந்துகொண்டு வயலுக்குப் போனார். குருவம்மா வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குப் போய், குழாயடியில் நின்று, வழக்கம்போல் வெறுங்குடத்தோடு திரும்பினாள். மந்திரத்தின் வாய் திறந்தே இருந்தும் அதிலிருந்து எதிர்ப்பு எதுவும் வரவில்லை. ஊர் அன்றுதான் முதன்முதலாக அமைதியைக் கண்டது. நடுவில் ஒரு கூட்டமும் நடந்தது. தளவாய் "ஆ" என்றார். மூவரும் "ஆ" என்றார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அந்தக் குழு அதுவரை எதையும் நிறைவேற்றியதில்லை.

கோமு மட்டும் வாயைத் திறக்கவில்லை. நால்வரையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர், "எங்கே போகணும்?" என்றார்.

"ஆ" என்றார்கள்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழித்தார்.

டாக்டர் கோமுவை நாற்காலியில் உட்காரவைத்தார். எதிரே நால்வரும் வரிசையாக வாயைப் பிளந்து நின்றார்கள். கோமு உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, பல் பிடுங்கும் குறடைப் பார்த்தார். வெள்ளப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்புத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போது ஒரு ஈ வந்தது. தளவாயின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரே ஒரு ஆள்தான் என்று கண்டு, அடுத்த வீட்டுக்குப் போனது. மந்திரத்தின் வாயைச் சுற்றிவிட்டு, வெள்ளப்பாண்டியின் வாய்க்குள் நிம்மதியாக நுழைந்தது. அவர் மூடவில்லை. மூடச் சொல்லி உத்தரவு இல்லையே. கண்கள் மட்டும் உருண்டன. தொண்டைக்குள்ளிருந்து ஈ ரீங்கரித்தது.

கோமு வெடித்துச் சிரித்தாள். கடைசிப் பல் வரைக்கும் தெரிந்தது.

"அப்படியே சிரி கண்ணு" என்று டாக்டர் வேலையைத் தொடங்கினார். சிரிப்பு குறையும்போதெல்லாம் கோமுவின் தலையை லேசாக நால்வர் பக்கம் திருப்பிவிட்டார். குழி சுத்தமாயிற்று, அடைபட்டது. "முடிஞ்சுது. இனிமே பெரிய பல்லு வர்ற வரைக்கும் இதுவே இடத்தைப் பாத்துக்கும்."

வெள்ளப்பாண்டியின் கண்ணில் நீர் வழிந்தது. அது மகிழ்ச்சியாலா ஈயாலா என்று சொல்வதற்கில்லை.

கிளம்பும்போது டாக்டர் தளவாயின் வாயை உற்றுப் பார்த்தார். "பெரியவரே, உங்க ஒத்தப் பல்லு வேர் வரைக்கும் போயிருக்கே. இனிப்பு ஏதும் தின்னீங்களா?"

"ஆ."

"எடுத்துரலாமா?"

"ஆ."

ஊசி போட்டு எடுத்துவிட்டார். பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சுக்குங்க" என்றார். எதைக்கொண்டு கடிப்பது என்று தளவாய் விழித்தார்.

மற்ற மூவரும் விழித்துக்கொண்டு நிற்கவில்லை. எத்தனை சன்னல் பார்த்த கைகள். டாக்டர் திரும்புவதற்குள் பஞ்சு வெளியே கிடந்தது; சிவப்புத் துண்டின் முனை உள்ளே கிடந்தது.

"என்னங்க இது? அவருக்கு அறுபத்தெட்டு வயசு. இனிமே பல்லு வராது."

வெள்ளப்பாண்டி அன்றைக்கு முதல்முறையாக வாயை மூடி, ஈயை விழுங்கிவிட்டுச் சொன்னார். "பஸ்ஸுக்கும் அப்படித்தான் தாயி சொன்னாங்க. முப்பது வருசம் கழிச்சு வரலையா?"

துண்டு இன்றும் தளவாயின் வாயில்தான் தொங்குகிறது. வெளியூர்க்காரர்கள் சிரித்தால் கோணக்குளத்தார் கோபித்துக்கொள்வதில்லை. துண்டு போட்ட நாளிலிருந்து பக்கத்துப் பல் ஒன்றுகூட அந்த இடத்தில் வந்து உட்காரவில்லை, வேண்டுமானால் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.