தானாகச் சரியான வண்டி

"வண்டி சரியாயிருச்சு தாயி" என்றார் பொன்னுத்துரை.

"யாரு சரி பண்ணது?" என்று கேட்டாள் எஸ்தர்.

பொன்னுத்துரைக்கு முழி பிதுங்கியது. உண்மையில் அவர் ஒன்றுமே பண்ணவில்லை. சீட்டைக் கழற்றினார். நாலு வயரை ஆட்டிவிட்டார். பியூஸை உருவித் துடைத்து மறுபடி சொருகினார். செல்ஃப் பட்டனை அமுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது.

"அதுவாத்தான் சரியாச்சு."

"அப்ப அதுவாவே கெட்டும் போகும். வாத்தியாருக்கு இப்பப் போன் போடாதீங்க."

சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். எஸ்தர் அப்படித்தான். வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தால் அன்றைக்கு மழை வரும் என்று எதிர் டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற, பஸ்கள் டீக்கு நிற்கிற விலக்கில் எஸ்தரின் வயரிங் கடை இருந்தது. அவளுக்கு வயது முப்பத்து மூன்று. பொன்னுத்துரைக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். குடித்துக் குடித்து லாரியையும் லைசென்ஸையும் தொலைத்துவிட்டு, பத்து மாதத்துக்கு முன்னால் இவள் முன்னே வந்து தொழில் சொல்லிக்கொடு தாயி என்று நின்றார். மகள் வயசுக்காரியிடம் கைகட்டி நிற்க வெட்கமாக இல்லையா என்று ஒருவர் கேட்டார். வெட்கப்படுகிற கட்டத்தையெல்லாம் தாண்டி ரொம்ப நாளாயிற்று என்றார் பொன்னுத்துரை. அது பொய்யில்லை.

இந்த பைக் அரியநாயகம் வாத்தியாருடையது. இந்த மாதத்தில் நாலாவது முறையாக வந்திருக்கிறது. சில நாள் காலையில் பட்டனை அமுக்கினால் மூச்சுப் பேச்சில்லை. கிக்கரும் இல்லாத வண்டி. திட்டிக்கொண்டே தெருமுனைவரை தள்ளிப் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். கடைக்கு வந்தால் கேட்கவே வேண்டாம், தொட்டதும் ஓடும்.

அன்று திங்கட்கிழமை. மத்தியானம் பொன்னுத்துரை மெதுவாகத் தன் கதையை எடுத்தார்.

அவர் மனைவி சொர்ணம் கோபித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும், குடி நின்றுவிட்டது என்று இவர் சொன்ன ஒரு சொல்லை நம்பித் திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் வீட்டுக்கு வருவதாக இல்லை. வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் மதுரைக்குப் போகிறாள். அங்கே அவள் அக்கா ஒரு ஹாஸ்டல் சமையலறையில் இவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். பஸ் இங்கே டீக்கு நிற்கும்போது ஜன்னலில் இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாளாம். பதில் மனசுக்குச் சரியென்று பட்டால் இறங்குவாள். இல்லையென்றால் மதுரையோடு முடிந்தது.

"நாப்பத்தொரு நாளாச்சு தாயி. குடி நின்னுருச்சு. அதச் சொன்னாப் போதாதா?"

எஸ்தர் அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"கெடுத்துக் காட்டுங்க" என்றாள்.

"எத?"

அதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். வண்டியைத்தான் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க பொன்னுத்துரை அந்த வண்டியைக் கெடுக்கப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார். வெயிலில் காயப்போட்டார். வயரையெல்லாம் பிடித்து உலுக்கினார். ஸ்டாண்டில் நிறுத்தி இருநூறு தடவைக்கு மேல் பட்டனை அமுக்கினார். இருநூறு தடவையும் அது கிளம்பியது. பொழுது சாய்கிறபோது கட்டைவிரல் வீங்கி, அந்த வண்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"என்னால ஆகாது தாயி. இதுவும் சரியாகாது, நானும் சரியாக மாட்டேன். நல்லா இருக்கும்போது எல்லாமே நல்லாத்தான் இருக்கு. எங்கன்னு போய்த் தேட?"

"எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"இங்கதான். ஸ்டாண்டு போட்டு."

"இங்க அது என்னைக்குக் கெட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு எஸ்தர் கடைச் சாவியை எடுத்தாள்.

பொன்னுத்துரை வண்டியை வாத்தியார் வீட்டில் கொண்டுபோய் விட்டார். எப்போதும் நிறுத்துகிறபடி நீங்களே நிறுத்திவிடுங்கள், காலையில் நான் வரும்வரை தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தார். வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே ஒரு வண்டி மட்டும் நுழைகிற சந்து. வண்டியை அதற்குள் தள்ளி, ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்து, பூட்டிச் சாவியை எடுத்திருந்தார் வாத்தியார். மனிதர் ரொம்பப் பத்திரம்.

பொன்னுத்துரை பூட்டைத் திறந்தார். ஹேண்டிலை நிமிர்த்தாமல் பட்டனை அமுக்கினார்.

சத்தமே இல்லை.

இன்னொரு தடவை அமுக்கினார். இல்லை. ஹேண்டிலை நேராக்கி அமுக்கினார், கிளம்பியது. மறுபடி ஒடித்து அமுக்கினார், செத்துக் கிடந்தது. ஒரு வண்டி ஓடாததற்காக வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டு எஸ்தருக்குப் போன் போட்டார்.

"கெட்டுருச்சு தாயி."

"நல்லது" என்றாள் எஸ்தர். "எப்பக் கெடுது?"

"வீட்டுக்குக் கொண்டாந்து பத்திரமாப் பூட்டி வெச்சா…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். போனைக் காதில் வைத்தபடியே சந்தில் உட்கார்ந்தார்.

"கழுத்துக்கிட்ட டேப்பைப் பிரிங்க" என்றாள் எஸ்தர்.

ஹேண்டில் கழுத்துக்குள் போகிற வயர்க்கொத்தைப் பிரித்தார். எல்லா வயரும் முழுசாகத்தான் இருந்தன, மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொன்றாக விரலால் நீவிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு வயர் ஓரிடத்தில் எலும்பில்லாததுபோல் மடங்கியது. அங்கே தோலைச் சீவினார். உள்ளே செம்பு அறுந்து, பச்சை பூத்துக் கிடந்தது. நேராக இருக்கும்போது அறுந்த முனை இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். திரும்பினால் விலகும். எத்தனை மாதமாக அறுந்து கிடக்கிறதோ.

வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஹேண்டிலை ஒடித்து வைத்து ஐம்பது தடவை அமுக்கினார், ஐம்பது தடவையும் கிளம்பியது. கடைக்கு வந்து சொன்னபோது வார்த்தையைப் பார்த்துச் சொன்னார்.

"சரி பண்ணிட்டேன் தாயி."

எஸ்தர் தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை பஸ் வந்தது. மத்தியான வெயில். மூன்றாவது ஜன்னலில் சொர்ணம் இருந்தாள். மடியில் பை. முகம் இளைத்துப் போயிருந்தது. பொன்னுத்துரை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"நின்னுருச்சா?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, அண்ணன் தங்கமாயிட்டாரு, இன்னையோட நாப்பத்திநாலு நாள், நானே எண்ணிக்கிட்டு வர்றேன் என்று சாட்சி சொன்னார். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். சொர்ணத்தின் கை பையின் காதைப் பிடித்தது. இறங்கத் தயாராகிவிட்டாள். ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொன்னுத்துரைக்கு அந்தச் சொல் நுனி நாக்கில் இருந்தது.

"நிக்கல சொர்ணம்" என்றார். "குடிக்காம இருக்கேன். அவ்வளவுதான்."

அவள் கை அப்படியே நின்றது.

"அப்ப எப்பக் குடிப்பீங்க?"

"நீ வந்தா. ரெண்டு தடவையும் நீ வந்த மறுநாள்தான் குடிச்சேன். நீ வந்துட்டா இனிமே எல்லாம் பத்திரம்னு தோணும். தோணுனதும் காலு தானாப் போயிரும். இப்பவும், உன் கை பையத் தொட்டதுமே நாக்கு ஊறுது."

டீக்கடைக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சொர்ணம் அவரையே பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படி அவரை அவள் பார்த்ததில்லை.

"இத ரெண்டு தடவையும் சொல்லலையே."

"அப்பத் தெரியாது."

கண்டக்டர் விசில் ஊதினார். சொர்ணம் எழுந்திருக்கவில்லை. பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அவள் முகம் கொஞ்ச தூரம் திரும்பியபடியே போயிற்று. அப்புறம் பஸ்ஸின் முதுகு தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பொன்னுத்துரை வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வருவதற்குள் நாலு தடவை நின்றார்.

எஸ்தர் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கெட்டுருச்சு தாயி. எப்பக் கெடும்னு அவகிட்டயே சொல்லிட்டேன்" என்றார் பொன்னுத்துரை.

"நல்லது" என்றாள் எஸ்தர்.